பின்வாசலில் சொன்னது

எல்லோரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது பாஸ்டரம்மா மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருப்பார். முதல் வரிசையில், சுவரோரமாக, சற்றே பக்கவாட்டில் திரும்பி அவர் உட்காருவதே அதற்காகத்தான். பாஸ்டர் மேடையில் கைவிரித்து நீளமாக வேண்டிக்கொண்டிருக்கும் அந்த நான்கைந்து நிமிடங்களுக்குள், பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு ஒரு முறை, முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு ஒரு முறை என்று தலைகளை எண்ணி முடித்துவிடுவார். எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்பது அவருக்கு முக்கியமில்லை. யார் வரவில்லை என்பதுதான் வேண்டும்.

"சாயங்காலம் தொழுவத்துல மாடு அடையும்போது எங்கப்பா வந்ததை எண்ணமாட்டார். வராததைத்தான் எண்ணுவார்," என்பார். ஆமென் சொல்லி எல்லோரும் கண் திறக்கும்போது, இவர் ஒன்றும் அறியாதவர்போலப் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடிக்கொண்டிருப்பார். முப்பது வருஷமாக இதை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அப்படியே யாராவது கண்டிருந்தாலும் வெளியே சொல்ல முடியாது. சொன்னால், "அப்போ நீ மட்டும் ஏன் கண்ணைத் திறந்திருந்தே?" என்ற கேள்வி வருமே.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, வராதவர் வீட்டு வாசலில் பாஸ்டரம்மா நிற்பார். "ஏன் வரலை?" என்று கேட்கவே மாட்டார். அது வாத்தியார் கேட்கிற கேள்வி. "தக்காளி நிறையக் காய்ச்சிருச்சு, யாராவது தின்னாத்தானே தீரும்," என்று பையை நீட்டுவார். தோட்டத்தில் ஒன்றும் காய்க்காத மாதங்களில், கடையில் வாங்கிய தக்காளியையே தோட்டத்துத் தக்காளி என்று கொடுத்ததும் உண்டு. பாஸ்டர் மனைவி பொய் சொல்லலாமா என்று பாஸ்டரே ஒருமுறை கேட்டதற்கு, "தக்காளி போய்ச் சாட்சி சொல்லவா போகுது?" என்றாராம். வராதவர் காய்ச்சலில் படுத்திருக்கிறாரா, கோபத்தில் படுத்திருக்கிறாரா என்பது பையை வாங்கும் கையிலேயே அவருக்குத் தெரிந்துவிடும்.

பாஸ்டரம்மா பிறந்தது விவசாயக் குடும்பத்தில். ஐந்து பிள்ளைகளில் மூன்றாவது. பள்ளிக்கூடம் போவதற்குமுன் நான்கு மாடு கறந்தாக வேண்டும். பெண் கேட்டு வந்த இளம் பாஸ்டரிடம் அப்பா கேட்டது ஒரே கேள்விதான். "மாட்டுப் பக்கம் போவீங்களா தம்பி?" மாப்பிள்ளை எச்சில் விழுங்கிக்கொண்டு, "பயம்ங்க," என்றார். அப்பா உள்ளே வந்து, "பொய் சொல்லத் தெரியாத பையன். குடுக்கலாம்," என்று முடித்துவிட்டார். பாஸ்டர் இன்றைக்கும் மாட்டைக் கண்டால் சாலையின் மறுபக்கம் போய்விடுவார். மாமனாரின் கணிப்பு வீண்போகவில்லை.

கல்யாணமான புதிதில், முதல் சபையில், பெண்கள் கூட்டத்தில் பேசச் சொல்லி இவர் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். என்ன பேசுவதென்று தெரியாமல், மாட்டின் வயிற்றுக்குள் தலைகீழாகத் திரும்பிக் கிடந்த கன்றைத் தானும் தம்பியும் விடியும்வரை போராடி வெளியே எடுத்த கதையை, முழங்கைவரை கையைக் காட்டி விளக்கமாகச் சொல்லிவிட்டார். பாதிப் பெண்கள் அழுதார்கள். மீதிப் பேர் அன்று சாப்பிடாமலே வீட்டுக்குப் போனார்கள். அதோடு மைக் விவகாரம் தீர்ந்தது. "மேடை அவருக்கு, வாசல் எனக்கு. நாங்க அப்பவே பாகம் பிரிச்சுக்கிட்டோம்," என்று சிரிப்பார்.

வாசல் என்றால் பின்வாசல். சபை கொடுத்த வீட்டுக்கு இரண்டு வாசல்கள். முன்வாசலில் பெயர்ப் பலகை, அழைப்பு மணி, ஸ்பிரிங் உடைந்த சோபா. அங்கே வருபவர்கள் பாஸ்டரைப் பார்க்க வருபவர்கள். பின்வாசல் நேராகச் சமையலறைக்குள் திறக்கும். அங்கே கவிழ்த்துப்போட்ட ஒரு பழப் பெட்டிதான் நாற்காலி. "முன்வாசல்ல வர்றவங்களுக்குக் கையெழுத்து வேணும். பின்வாசல்ல வர்றவங்களுக்குக் காது வேணும்," என்பது பாஸ்டரம்மாவின் கணக்கு.

கேட்பதிலும் அவருக்கென்று ஒரு முறை உண்டு. சொல்பவரின் முகத்தைப் பார்க்கவே மாட்டார். வெங்காயம் உரிப்பார், பீன்ஸ் நறுக்குவார், பாத்திரம் துடைப்பார். "முகத்தைப் பாத்தா மாடும் மிரளும், மனுஷியும் மிரளுவா," என்பார். நடுவில் "ம்" என்ற சத்தம் மட்டும் வரும். சொல்பவர் அழ ஆரம்பித்தால் எழுந்துபோய்க் குழாயை முழுசாகத் திறந்துவிடுவார்; முன்னறையில் இருப்பவர்கள் காதில் தண்ணீர்ச் சத்தம்தான் விழும். புத்திமதி கிடையாது. கடைசியில் "சரி, டீ குடி" என்பதோடு சரி. பாஸ்டரம்மா காதில் போட்டால் கிணற்றில் போட்ட கல் என்று அந்தத் தெருப் பெண்கள் சொல்வார்கள். அவர் காதுக்கும் அது எட்டியிருக்கிறது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்தப் பெருமைதான் இந்த வருஷம் அவரைக் கவிழ்த்தது.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பாஸ்டர் தன் பிரசங்கத்தைச் சமையலறை மேஜையில் வைத்து வாசித்துக் காட்டுவது வழக்கம். நல்ல மனிதர், நிறையப் படித்தவர். ஆனால் படித்ததையெல்லாம் கொட்டிவிடுவார். பாஸ்டரம்மா வேலையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டே, "இந்த இடத்துல பின்வரிசை தூங்கிடும்," "இது வைக்கோல்ங்க, வயிறு ரொம்பும், பால் வராது," என்று தீர்ப்புச் சொல்வார். பாஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே அடித்துத் திருத்துவார். அவருடைய நல்ல பிரசங்கங்களில் பாதி அந்த மேஜையில் உருவானவை என்பது சபைக்குத் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை பெற்றவர்களின் அன்பைப் பற்றிய பிரசங்கம். மூன்று முறை எழுதி மூன்று முறையும் வைக்கோல் என்று பெயர் வாங்கியாயிற்று. பாஸ்டர் பேனாவை மேஜையில் போட்டார்.

"எதைச் சொன்னாலும் வைக்கோலுங்கிற. நீயே உயிருள்ளதா ஒண்ணு சொல்லேன் பார்ப்போம்!"

பாஸ்டரம்மா உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டே சொன்னார். "உயிருள்ளது எங்கேயோ இல்லீங்க. ஒரு அம்மா. பொண்ணு புருஷனை விட்டுட்டுப் பெட்டியோட வந்துட்டா. ஊருக்குத் தெரிய வேண்டாம்னு அம்மா வெளியே போகும்போது முன்கதவைப் பூட்டிட்டுப் போறா. ஆனா சாவியை ஜன்னல் வழியா அந்தப் பொண்ணு கையிலேயே குடுத்துட்டுப் போறா. தன்னை அடைச்சு வெச்சிருக்காங்கன்னு பொண்ணு நெனைக்கக் கூடாதாம். இது அன்பு. நீங்க எழுதியிருக்கிறது அகராதி." பிறகுதான் கத்தி நின்றது. "யாருன்னு கேக்காதீங்க. இது சும்மா உங்களுக்குப் புரியறதுக்குச் சொன்னது."

பாஸ்டர் யாரென்று கேட்கவில்லை. மனைவியின் கண்ணெதிரே எதையும் எழுதவும் இல்லை. விஷயம் அதோடு போயிற்று என்றுதான் பாஸ்டரம்மா நினைத்தார்.

அந்த அம்மா பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருப்பவர். வீட்டின் முன்னறைதான் கடை. பள்ளிச் சீருடைகளும் ஜன்னல் திரைகளும் தைப்பார். மகள் வந்த விஷயத்தை உலகத்தில் ஒரே ஒருவரிடம், பழப் பெட்டியில் உட்கார்ந்து, குழாய்ச் சத்தத்துக்கு நடுவே அழுது சொன்னார். மகள் மனம் தெளிந்து, தானே வெளியே வந்து நாலு பேர் முகத்தைப் பார்க்கும்வரை யாருக்கும் தெரிய வேண்டாம் என்பது ஒன்றுதான் அவர் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டரின் குரல் என்றுமில்லாதபடி கனிந்திருந்தது. "ஒரு தாய், கதவை வெளியே பூட்டுகிறாள். சாவியை ஜன்னல் வழியாக மகளின் கையில் கொடுக்கிறாள்," என்று அவர் சொன்னபோது பின்வரிசையில்கூட ஒருவரும் தூங்கவில்லை. இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். மூன்றாவது ஆள் தலையைத் திருப்பித் தையல்காரம்மாவைப் பார்த்தார். பிறகு இன்னொருவர். முன்பெல்லாம் வெறுமனே சாத்திவிட்டுப் போகிற அந்தக் கதவில் பகலில் தொங்கும் பூட்டைத் தெருவே ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. இப்போது காரணமும் கிடைத்துவிட்டது. பாஸ்டரம்மா முதல் வரிசையில் திரும்ப முடியாமல் உட்கார்ந்திருந்தார். தையல்காரம்மா உட்காரும் நான்காவது வரிசையில் ஒரு கைப்பை மூடும் சத்தம் மட்டும் கேட்டது.

மதியச் சாப்பாட்டில் பாஸ்டர் உற்சாகமாக இருந்தார். "பார்த்தியா, இன்னைக்கு யாருமே தூங்கலை."

"அந்தக் கதையை யாரு உங்களைச் சொல்லச் சொன்னா?"

"பேரைச் சொல்லலையேம்மா நான்! எனக்கே பேரு தெரியாதே!"

"பேரு எதுக்கு? பூட்டு போதாதா? நம்ம தையல்காரம்மா வீடுங்க அது."

பாஸ்டர் கையிலிருந்த ஸ்பூனைத் தட்டில் வைத்தார். அதற்குமேல் இருவரும் சாப்பிடவில்லை. அவர் மேல் கோபப்பட்டுவிடலாமா என்று பாஸ்டரம்மா நினைத்துப் பார்த்தார். சும்மா இருந்தவர் கையில் எடுத்துக் கொடுத்தது யார் என்று யோசித்ததும் கோபம் வந்த வழியே திரும்பிவிட்டது.

செவ்வாய்க்கிழமை தையல்காரம்மா பின்வாசலுக்கு வந்தார். வந்து பழப் பெட்டியில் உட்கார்ந்தார்.  திட்டட்டும், எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வோம் என்று பாஸ்டரம்மா தயாராக நின்றார். தையல்காரம்மா சொன்னது வேறு.

"எல்லாம் அந்த எதிர்வீட்டு நர்ஸம்மா வேலை, பாஸ்டரம்மா. என் ஜன்னலுக்கு நேரே அவ ஜன்னல். சாவி குடுக்கிறதைப் பாத்துட்டு பாஸ்டர் ஐயாகிட்டப் போய் ஊதிட்டா. நேத்து நடுத்தெருவுல நிக்க வெச்சு நாலு வார்த்தை நல்லாக் கேட்டுட்டேன். ஒண்ணும் பேசாம உள்ளே போயிட்டா. பேச வாய் எங்கே இருக்கும்?" மூக்கைச் சிந்திக்கொண்டார். "வேற யாரும் சொல்ல வழியே இல்ல. உங்ககிட்டச் சொன்னது உங்களைத் தாண்டாதுன்னு எனக்குத் தெரியாதா?"

திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருக்கும் என்பதைப் பாஸ்டரம்மா அன்று தெரிந்துகொண்டார். வாயைத் திறந்தார். வந்தது, "டீ குடிங்க அக்கா," என்பதுதான். தையல்காரம்மா டீ குடித்துவிட்டு, பாரம் இறங்கியவராகப் போனார். அந்தப் பாரம் எங்கே இறங்கியது என்று அவருக்குத் தெரியாது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று எத்தனை முறை யார் யாருக்கோ சொல்லியிருக்கிறார் பாஸ்டரம்மா. பாவம் இருக்கிற இடத்தில் தான் இருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. தையல்காரம்மா போவார். அவரைத் தொடர்ந்து மற்றவர்களும் போவார்கள். எட்டு ஊர், எட்டு வீடு மாறி, மேடையும் மைக்கும் இல்லாமல், முப்பது வருஷமாகத் தனக்கென்று அவர் சம்பாதித்தது பின்வாசலில் இருக்கும் அந்தப் பழப் பெட்டி ஒன்றுதான். அதில் இனி யாரும் உட்கார மாட்டார்கள். சொல்லாவிட்டால் எல்லாம் அப்படியே இருக்கும், நர்ஸம்மாவைத் தவிர. நர்ஸம்மா தனியாக இருப்பவர், ஆஸ்பத்திரியில் மாறி மாறி ஷிப்ட் பார்ப்பவர், யாரிடமும் அதிகம் பேசாதவர். அவருக்காகக் கேட்க யாருமில்லை.

அடுத்த ஞாயிறு ஜெபத்தின்போது எண்ணினார். வராதவர் இரண்டு பேர். தையல்காரம்மா வெட்கத்தில் வரவில்லை. நர்ஸம்மா பட்ட அவமானத்தில் வரவில்லை. இரண்டு பேரையும் விரட்டியது எண்ணிக்கொண்டிருக்கிறவளேதான்.

அன்று மாலை ஊரிலிருந்து தம்பி போன் செய்தான். வாராவாரம் மாடு, மழை, விலை என்று பேசுவான். அக்கா பாதியிலேயே மறித்தார்.

"டேய், மாட்டை அவுத்துவிட்டது நீ. பழி பக்கத்துக் காட்டுக்காரன் மேல விழுந்துடுச்சு. என்ன பண்ணுவ?"

"மாடு கெடைச்சுதா?"

"இல்ல."

"அப்ப முதல்ல போய் மாட்டைத் தேடுவேன். ஏன்க்கா, பாஸ்டர் ஐயா கடைசியில மாடு வாங்கிட்டாரா?" என்றான் தம்பி. அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அக்கா சிரிக்கவில்லை.

பாஸ்டரும் ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. "நான் போய் மன்னிப்புக் கேக்கிறேன். மேடையில சொன்னது நான்தானே. சபைச் செயலாளரையும் கூட்டிட்டுப் போறேன்," என்றார்.

"செயலாளரோட போனா அது விசாரணை ஆயிடும். உங்க தப்புக்கு நீங்க வேற ஒரு நாள் தனியாப் போங்க. இது என் தப்பு. நான்தான் போகணும்."

"நீதான் சொன்னேன்னு நீயாச் சொன்னாத்தானேம்மா வெளியே தெரியும்..." என்று பாஸ்டர் ஆரம்பித்தார். மனைவி மேல் இருந்த பிரியத்தில் வந்துவிட்ட வார்த்தை அது. சொன்ன பிறகுதான் தான் என்ன உத்தியோகம் பார்க்கிறோம் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. தலையைக் குனிந்துகொண்டார். பாஸ்டரம்மா அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

திங்கட்கிழமை காலை பாஸ்டரம்மா தையல் கடைக்குப் போனார். கையில் பை இல்லை. தக்காளியை நீட்டி ஆரம்பிக்கிற பேச்சு இல்லை இது. முன்கதவு அகலத் திறந்திருந்தது. இனி மறைக்க என்ன இருக்கிறது? மூலையில் மகள் ஒரு சீருடைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். வெளுத்துப்போன முகம்.

"வாங்க பாஸ்டரம்மா, உக்காருங்க."

"நிக்கிறேன் அக்கா. சொல்ல வந்ததைச் சொல்லிடுறேன். நர்ஸம்மா சொல்லலை. நான்தான் ஐயாகிட்டச் சொன்னேன்."

தையல் மெஷின் மிதியில் இருந்த தையல்காரம்மாவின் கால் நின்றது. துணியின் பாதியில் ஊசி நின்றது.

"நீங்களா?"

"நான்தான். அவர் கேக்கக்கூட இல்ல. நானாத்தான் சொன்னேன். அவர் எழுதினதெல்லாம் உயிரில்லாம இருந்துச்சு. என்கிட்ட உயிருள்ளது இருக்குன்னு காட்டணும்னு ஒரு பெருமை. அன்னைக்கு நீங்க வந்து நர்ஸம்மாவைச் சொன்னப்பவும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அது அதைவிடப் பெரிய தப்பு."

தையல்காரம்மா ஊசியிலிருந்து துணியை விடுவித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகப் பேசினார். "நான் அழுதப்ப நீங்க எந்திரிச்சுப் போய்க் குழாயைத் திறந்துவிட்டீங்க. பெத்தவகூட எனக்கு அப்படிச் செய்யலை. வீட்டுக்கு வந்து இவகிட்ட அதைத்தான் முதல்ல சொன்னேன்."

 பாஸ்டரம்மாவின் கண்ணில் நீர் முட்டியது. இங்கே குழாயைத் திறந்துவிட யாருமில்லை. அழாமல் நின்றார்.

"அப்போ நர்ஸம்மா?" என்றார் தையல்காரம்மா திடீரென்று. குரல் உடைந்திருந்தது. "அவளை நான் நடுத்தெருவுல..."

மகள் தலை நிமிராமல் பேசினாள். "நான் அப்பவே சொன்னேன்லம்மா. நீ சாவி குடுக்க ஜன்னல்கிட்ட வந்தாலே அவங்க அவங்க ஜன்னலைச் சாத்திக்குவாங்க. தினமும் பாத்திருக்கேன்."

 கழுத்தில் அளவு நாடா தொங்க, தையல்காரம்மா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அந்தக் கைகளுக்குள்ளிருந்தே, "போங்க பாஸ்டரம்மா. இப்ப என்னால உங்க முகத்தைப் பாக்க முடியலை," என்றார்.

பாஸ்டரம்மா வெளியே வந்து செருப்பை மாட்டினார். பத்து மணி வெயில் தெருவில் பளிச்சென்று அடித்தது. மாடி ஒன்றில் யாரோ துணி உதறிக்கொண்டிருந்தார்கள். இடது பக்கம் திரும்பினால் சபை, வீடு, சமையலறை. அவர் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு நேராகத் தெருவைக் கடந்து எதிர்வீட்டுப் படியில் ஏறினார். ஒருவர் நிற்கிற அளவே உள்ள படி. நர்ஸம்மாவின் வெள்ளைச் செருப்பு வாசலில் கிடந்தது. ஷிப்ட் முடிந்து வந்துவிட்டார். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று யோசிக்காமலே பாஸ்டரம்மா அழைப்பு மணிக்குக் கையைத் தூக்கினார்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. செருப்பில்லாத கால்கள் சூடான தார்ச்சாலையில் வேகமாக வந்து, படிக்குக் கீழே நின்றன. மூச்சிரைப்பு கேட்டது. கழுத்தில் தொங்கும் அளவு நாடாவின் நுனி பாஸ்டரம்மாவின் சேலையில் உரசியது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மணியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டி, அந்தக் குறுகலான படியில் இன்னொருவர் ஏறி நிற்பதற்கு இடம் விட்டார்.